பிள்ளைகளோடு நாமும் குதிக்கலாமா?

(மண்ணூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்றைக்கு வங்கிக் கடன் இணைப்பு பற்றித்தான் பேசுவதாக இருந்தது. அதை மதியத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம் இருக்கு. போன மாதம் ஒரு குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்கடன் கேட்டு நாலு பேர் எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஒருத்தருக்கு மாட்டுக் கொட்டகை, ஒருத்தருக்கு காலேஜ் பீஸ், ஒருத்தருக்கு நகை மீட்கணும். நாலாவது அக்கா மூவாயிரம் கேட்டிருந்தாங்க. காரணம் என்ற இடத்தில், பிள்ளைகளைச் சென்னையில் குதிக்கிற பார்க்குக்குக் கூட்டிப் போக என்று எழுதியிருந்தது. ஊக்குநர் அதைப் படித்ததும் கூட்டமே சிரிச்சிடுச்சு. அந்த அக்கா முகம் சின்னதாப் போச்சு. கடன் கொடுத்தாங்களா இல்லையா என்பது அந்தக் குழுவின் தீர்மானம். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

ஆனா சிரிச்சதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம்ம பக்கம் பிள்ளைகள் எங்கே விளையாடுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. களத்து மேடு இருந்த இடத்தில் பல ஊரில் இப்போ லைன் வீடு நிக்குது. ரோட்டுப் பக்கம் விட்டா கண்டெய்னர் லாரி. ஏரிக்கரைக்குத் தனியா அனுப்ப மனசு வராது. நாம வைக்கோல் போர் மேலே ஏறிக் குதிச்சோம், கிணத்துல குதிச்சோம், பாண்டி ஆடினோம். அதெல்லாம் காசு இல்லாம கிடைச்சுது. அதே குதிப்பைத்தான் இப்போ சென்னையில் மணிக்கணக்கில் டிக்கெட் போட்டு விக்கிறாங்க. பிள்ளைகள் போனில் பார்த்துட்டு கேட்கத்தான் செய்யும்.

மே மாதம் நானும் என் குடும்பமும், நாத்தனார் குடும்பமும் சேர்ந்து போய் வந்தோம். தண்டலம் கூட்டுரோட்டிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து கோயம்பேடு, அப்புறம் மெட்ரோ. ஒரு பெரிய மாலின் மேல் மாடி. எந்த இடம் என்பது முக்கியமில்லை, எங்கே போனாலும் விஷயம் ஒண்ணுதான். அங்கே பார்த்ததில் உங்களுக்கு உபயோகப்படுவதைச் சொல்லத்தான் இந்த அரை மணி நேரம்.

முதலில், அது என்னன்னு தெரியாதவங்களுக்காக. ஒரு பெரிய கூடம். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டின மெத்தை மாதிரி துணி. அதைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரியாமல் இருக்க நடுவில் ஸ்பாஞ்சு வரப்பு. நம்ம பாத்தி கட்டின கீரைத் தோட்டம் மாதிரியே இருக்கும். அதில் ஏறிக் குதிச்சா ஆள் உயரத்துக்குத் தூக்கும். அந்த மெத்தைக்கு டிராம்போலின் என்று பேர்.

இதைக் கண்டுபிடித்த கதை நல்லாயிருக்கும். நாமெல்லாம் சர்க்கஸ் பார்த்திருப்போம். அந்தரத்தில் ஊஞ்சல் ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியிருக்கிற வலையில் விழுந்து எழும்புவாங்க இல்லையா? 1930 வாக்கில் அமெரிக்காவில் ஜார்ஜ் நிஸன் என்கிற பதினாறு வயசுப் பையன் அதைப் பார்த்துட்டு, விழுந்த பிறகும் எழும்பிக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சான். வீட்டுக் கொட்டகையில் இரும்புச் சட்டம் கட்டி, துணியை இழுத்துக் கட்டிப் பார்த்தான். 1934-இல் தன் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து முழு உருவம் கொடுத்தான். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் போட்டியாகவே சேர்த்தார்கள், முதல் வருஷமே ஆண்களுக்கும் பெண்களுக்கும். இன்னொண்ணும் உண்டு. 1960 வாக்கில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் காசு வாங்கிக் குதிக்க விடுகிற இடங்கள் முளைச்சு, அடிபட்டவங்க வழக்குப் போட்டு, அதில் பெரும்பாலானது சில வருஷத்தில் மூடியும் போச்சு. உள்ளரங்கு பார்க்காக அது திரும்பி வந்தது 2004-க்குப் பிறகுதான். அதனால இது வெறும் மெத்தைதானே என்று நினைக்க வேண்டாம்.

இப்போ செலவு. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஐநூறுக்கு மேல், ஆயிரத்துக்குள். சனி, ஞாயிறு கூடுதல். அடியில் ரப்பர் புள்ளி வச்ச கிரிப் சாக்ஸ் போட்டால்தான் உள்ளே விடுவாங்க, அதுக்குத் தனிக் காசு. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில், தின்பண்டம் கொண்டுபோகக் கூடாதுன்னு வெளியே வாங்கி வச்சுட்டாங்க. உள்ளே வாங்கினா விலை உங்களுக்கே தெரியும். நாலு பேர் போனா பஸ், மெட்ரோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்தை நெருங்கிடும். அந்த அக்கா எழுதின தொகை சரியான கணக்கு. சிரிச்சவங்களை விட அவங்க நல்லா விசாரிச்சு வச்சிருந்தாங்க.

டிக்கெட் வாங்கினதும் ஒரு படிவம் காட்டுவாங்க. சில இடத்தில் காகிதம், சில இடத்தில் நம்ம போனுக்கே அனுப்பி, கட்டத்தில் டிக் போடச் சொல்வாங்க. நாங்க போன இடத்தில் முழுக்க இங்கிலீஷ். பின்னால் வரிசை நிக்குது, பிள்ளைகள் கையைப் பிடிச்சு இழுக்குது. என் வீட்டுக்காரர் டிக் போடப் போனார். "கொஞ்சம் இருங்க"ன்னு வாங்கிப் படிச்சேன். அடிபட்டால் நிறுவனம் பொறுப்பல்ல, பிள்ளைக்கு என்ன ஆனாலும் பெற்றோரே பொறுப்பு, படம் எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதம், இப்படிப் போகுது. விளம்பரத்துக்குச் சம்மதம் இல்லைன்னு சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் யாரையோ கேட்டுட்டு, அந்த வரியை அடிச்சுக் கொடுத்தாங்க. கேட்டா நடக்குது.

இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. தீர்மான நோட்டில் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கினா எத்தனை சண்டை போடுவீங்க! மேனேஜர் முன்னாலேயே, "சார், இதுல என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுங்க"ன்னு கேட்டவங்க இந்த அறையில் இருக்காங்க. அதே வாய் மால் உள்ளே ஏசி காத்துல ஏன் அடைச்சுப் போகணும்?

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. காசு கொடுத்து ஒரு சேவை வாங்கினா நாம நுகர்வோர். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஸ்பிரிங் அறுந்து கிடந்தது, ஸ்பாஞ்சு விலகிக் கிடந்தது, பார்த்துக்க ஆளே இல்லை, அதனால் அடிபட்டது என்றால், படிவத்தில் கையெழுத்துப் போட்டுட்டோம் என்பதாலேயே அவங்க பொறுப்பு இல்லாமப் போயிடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நாம கட்டின பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிக்கெட்டையும் படிவத்தின் நகலையும் தூக்கிப் போடாதீங்க. ஆனா ஒண்ணு, நம்ம பிள்ளை விதியை மீறிக் குட்டிக்கரணம் போட்டு விழுந்தா, அது வேற வழக்கு.

இப்போ பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். உள்ளே போனதும் ஒரு வீடியோ போட்டுக் காட்டுவாங்க. யாரும் பார்க்கிறதில்லை, எப்போ விடுவாங்கன்னு நிக்குதுங்க. அதில் பத்து விதி சொல்றாங்க. எனக்குக் கேட்டா ஒரு விதி போதும் என்பேன். ஒரு கட்டத்தில் ஒரு ஆள்.

ஏன் என்று சொல்றேன். கயித்துக் கட்டிலில் குழந்தை படுத்திருக்கு. மறுபக்கம் பெரியவர் ஒருத்தர் தொப்புன்னு உட்கார்ந்தா குழந்தை என்ன ஆகும்? தூக்கிப் போடும். அதேதான் இங்கேயும், பல மடங்கு வேகத்தில். எழுபது கிலோ அப்பா குதிச்சு இறங்கின வேகம் முழுக்க, பக்கத்தில் நிக்கிற பதினைஞ்சு கிலோ பிள்ளைக்குப் போகுது. பிள்ளை தன் பலத்துக்கு மீறின உயரத்துக்குப் போகும். இன்னொரு விதமாவும் ஆகலாம். பிள்ளை கீழே வர்ற நேரம், அப்பாவால் அழுந்தின மெத்தை மேலே எழும்பி வருது. ரெண்டும் நேருக்கு நேர் மோதுது. அந்த நொடியில் அது மெத்தை இல்லை, சிமெண்ட் தரைதான்.

அமெரிக்காவின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. டிராம்போலினில் அடிபட்டதில் முக்கால்வாசி, ஒரே மெத்தையில் ஒருத்தருக்கு மேல் குதிச்சபோது நடந்திருக்கு. அப்படிச் சேர்ந்து குதிக்கும்போது, பெரிய ஆளை விடச் சின்னப் பிள்ளைக்கு அடிபட 14 மடங்கு வரை வாய்ப்பு அதிகம். ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் எலும்பு முறிகிற ஆபத்து கூடுதல். கழுத்தும் முதுகுத் தண்டும் அடிபடுவதற்குக் குட்டிக்கரணம் முக்கியக் காரணம். நம்ம எல்லோருக்கும் உறைக்க வேண்டியது இன்னொண்ணு. அடிபட்டதில் மூணில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கிட்டு இருந்தபோதே நடந்திருக்கு. "நான் கூடவேதானே இருந்தேன்"ங்கிறது பத்தாது.

நாங்க இருந்த ஒரு மணி நேரத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். வேறொரு குடும்பம். அப்பா ஆசையா மூணு வயசுப் பெண்ணைக் கையைப் பிடிச்சுக் கூடவே குதிக்க வச்சார். விசில் ஊதினாங்க, சத்தத்தில் அவருக்குக் கேட்கலை. நாலாவது குதிப்பில் குழந்தை சரிஞ்சு உட்கார்ந்து அழுதது. ரத்தம் இல்லை, வீக்கமும் பெருசா இல்லை. காலை ஊனச் சொன்னா ஊன மாட்டேங்குது. பாட்டி ஓடி வந்து காலைத் தேய்ச்சு விட்டாங்க. "எண்ணெய் போட்டா சரியாயிடும், இல்லேன்னா புத்தூர் கட்டு போட்டுக்கலாம்"னு சொன்னாங்க.

சகோதரிகளே, இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. சின்னப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழும். வெளியே ஒண்ணும் தெரியாது. பிள்ளை காலை ஊன மறுக்கிறதுதான் அடையாளம். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது, நடக்க வச்சுப் பார்க்கக் கூடாது. துணியில் சுத்தின ஐஸ் வைக்கலாம். அட்டையோ மடிச்ச துண்டோ வச்சு கால் அசையாமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கணும். கட்டு எதுன்னு அப்புறம் டாக்டர் சொல்லட்டும். கழுத்து வலிக்குது, கை கால் மரத்துப் போச்சுன்னு யாராவது சொன்னா, தூக்கவே தூக்காதீங்க. அப்படியே படுக்க வச்சு 108 கூப்பிடுங்க.

இனிமேல் சொல்லப் போறதுதான் முக்கியமா பேச நினைச்சது. ஆண்கள் யாரும் இல்லையே? சரி.

அந்தக் கூடத்தின் ஓரத்தில் பெஞ்சு போட்டிருக்காங்க. எண்ணிப் பார்த்தேன். பதினாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. பன்னிரண்டு பேர் பெண்கள். மடியில் பை, கையில் எல்லோருடைய போன், பக்கத்தில் செருப்பு. அப்பாக்கள் குதிக்கிறாங்க, மாமாக்கள் குதிக்கிறாங்க. அம்மாக்கள் வீடியோ எடுக்கிறாங்க. சிலபேர் காசு மிச்சம்னு டிக்கெட்டே எடுக்கலை. சிலபேர் எடுத்தும் உட்கார்ந்திருந்தாங்க.

என் நாத்தனார் டிக்கெட் எடுத்து ஏறினாங்க. ரெண்டு பிள்ளை பெத்தவங்க, கம்பெனி வேலைக்குப் போறவங்க. ரெண்டே நிமிஷம், இறங்கி வந்துட்டாங்க. "என்ன அண்ணி?"ன்னேன். "ஒண்ணுமில்லை, மூச்சு வாங்குது"ன்னாங்க. பாத்ரூம் போய்ட்டு வந்து காதோரம் சொன்னாங்க. குதிக்கும்போது சிறுநீர் கசிஞ்சிடுச்சாம். தும்மினாலும் அப்படித்தானாம், தண்ணிக் குடம் தூக்கினாலும் அப்படித்தானாம். சின்னவன் பிறந்ததிலிருந்து ஆறு வருஷமா இருக்காம். வீட்டுக்காரருக்குத் தெரியாது. டாக்டர்கிட்டே சொன்னதில்லை. "பெத்தவங்களுக்கு இதெல்லாம் இருக்கிறதுதானே"ன்னாங்க.

இங்கே யாரையும் கை தூக்கச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த அறையில் எத்தனை பேர் இப்போ தலையைக் குனிஞ்சீங்கன்னு எனக்குத் தெரியுது.

சுவீடன் நாட்டில் 2002-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. டிராம்போலின் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற 35 பெண்கள். வயசு 12 முதல் 22. யாரும் பிள்ளை பெத்தவங்க இல்லை. நல்லாச் சாப்பிட்டு, நாள் தவறாமல் பயிற்சி செய்கிற உடம்பு. அதில் 28 பேர், குதிக்கும்போது சிறுநீர் கசியுதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கே அப்படின்னா, ரெண்டு மூணு பிரசவம் பார்த்து, பிரசவமான கொஞ்ச நாளிலேயே தண்ணி தூக்கி, மாவு ஆட்டி, ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்ன நமக்கு இருந்தா அது அசிங்கமா? ஒழுக்கக்கேடா? அது ஒரு தசையின் தளர்ச்சி. அவ்வளவுதான்.

அந்தத் தசை எங்கே இருக்கு? குழந்தைக்குத் தூளி கட்டுவோமே, அதே மாதிரி நம்ம இடுப்பு எலும்புக்குக் கீழே முன்னிருந்து பின்னாகத் தசை தூளி கட்டியிருக்கு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. கர்ப்ப காலத்து பாரத்திலும் பிரசவத்திலும் தூளி தொய்யுது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, கனமான சுமை, இதிலும் தொய்யும். தொய்ஞ்ச தூளி மேலே குதிச்சா அடியில் ஒழுகாம என்ன செய்யும்?

தூளியைத் திரும்ப இழுத்துக் கட்ட முடியும். 1948-இல் ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்னைக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது அதைத்தான். செலவு ஒரு பைசா இல்லை. உட்கார்ந்தபடியே இப்போ செய்யலாம், வாங்க. பஸ்ஸில் வரும்போது வாயு வந்துடுமோன்னு அடக்குவோமே, அந்த இடத்தை இறுக்குங்க. கூடவே சிறுநீரை அடக்குகிற மாதிரி முன்பக்கமும் இறுக்கி மேலே இழுங்க. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை இறுக்கம், ஐந்து எண்ணும் வரை தளர்வு. முடியலைன்னா மூணு எண்ணுங்க. இப்படி எட்டு, பத்து தடவை. ஒரு நாளைக்கு மூணு வேளை. குறைஞ்சது மூணு மாதம் விடாமல் செய்யணும், ஒரு வாரத்தில் பலன் தேடாதீங்க. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம், அது நல்லதில்லை. சந்தா கட்டுகிற மாதிரிதான், சின்னத் தொகை, நாள் தவறாம.

கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் ரெண்டு தப்பு செய்றாங்க. லைனை விட்டுப் போக முடியாதுன்னு காலையிலிருந்து தண்ணியே குடிக்கிறதில்லை. இல்லேன்னா மணிக்கணக்கா அடக்குறாங்க. ரெண்டிலும் நீர்க்கடுப்பும் பூச்சித் தொற்றும் வரும், கசிவும் கூடும். கழிப்பறை போக நேரம் கேட்பது சலுகை இல்லை. தனியா கேட்கப் பயமா இருந்தா நாலு பேர் சேர்ந்து கேளுங்க.

பயிற்சி மட்டும் போதாத நிலையும் உண்டு. அடியில் ஏதோ இறங்கி வருகிற மாதிரி, கட்டி தட்டுப்படுகிற மாதிரி இருந்தா அது கர்ப்பப்பை இறக்கம். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தாலும் சரி, மூணு மாதம் பயிற்சி செய்தும் குறையலைன்னாலும் சரி, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. என் நாத்தனார் போனாங்க. நாலாவது மாதம் நடக்குது. தும்மினா கசியலைன்னு போனில் சொன்னாங்க. குடம் தூக்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்காம்.

நான் குதிச்சேனான்னு பின்னால் யாரோ கேட்கிறாங்க. குதிச்சேன். முதல் ரெண்டு குதி பயம். அப்புறம் சிரிப்பை அடக்க முடியலை. வயசுக்கு வந்த பிறகு "ஓடாதே, குதிக்காதே"ன்னு கேட்டுக் கேட்டு, கால் ரெண்டும் ஒண்ணா தரையை விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியலை.

நேரம் ஆகுது. மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமா பதில் சொல்லிடுறேன்.

புடவையோட குதிக்கலாமா? கூடாது. சுடிதார், இல்லேன்னா பேண்ட் போட்டுப் போங்க. துப்பட்டா, ஊக்கு, ஹேர்பின், வளையல், கொலுசு எல்லாம் கழட்டிப் பையில். தாலியைக் கழட்டச் சொல்வாங்களான்னா, கழுத்தில் தொங்குகிற எதையும் கழட்டத்தான் சொல்வாங்க. ஸ்பிரிங்கிலோ வலையிலோ மாட்டினா கழுத்தை இறுக்கும். கழட்டுவதும் கழட்டாததும் உங்க முடிவு. கழட்ட மனசு இல்லேன்னா குதிக்க வேண்டாம், மெத்தை மேலே நடந்து பாருங்க, அதுவே நல்லாயிருக்கும்.

கர்ப்பமா இருக்கிறவங்க, கர்ப்பப்பை இறக்கம் உள்ளவங்க, ஆபரேஷன் ஆகி ஆறாதவங்க, முழங்கால் தேய்மானம், முதுகுவலி உள்ளவங்க ஏறவே கூடாது. அம்பத்தைந்து வயசு அம்மா கேட்டீங்க இல்லையா, உங்களுக்கும் அதே பதில்தான், எலும்பு பலம் பார்க்காம வேண்டாம்.

எந்த நாள் போறது? திங்கள் முதல் வெள்ளி வரை, காலை கடை திறந்ததும். விலை குறைவு, கூட்டம் இல்லை, ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள் என்பது தானா நடக்கும். ஆறு வயசுக்குக் கீழே பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கான்னு போன் போட்டுக் கேட்டுட்டு போங்க. இல்லைன்னா அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் எடுக்காதீங்க. கிரிப் சாக்ஸைப் பத்திரமா துவைச்சு வச்சா பல இடத்தில் அடுத்த தடவைக்கும் விடுறாங்க. என்கிட்டே ரெண்டு ஜோடி இருக்கு, போறவங்க வாங்கிட்டுப் போகலாம்.

சாப்பிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு வங்கிக் கடன் கணக்கு.